அடியும் வேண்டாம், அழுகையும் வேண்டாம்... எழுத்தை விளையாடிப் பழக்குங்க!

உங்க வீட்டு ஒண்ணாப்பு வாண்டு தமிழ்ப் புத்தகத்தைப் பிரிச்சு வெச்சுக்கிட்டு, கடகடன்னு வாசிக்கிறானா? சந்தோஷம்தான். ஆனா, உச்சி முகர்றதுக்கு முன்னாடி ஒரு சின்ன சோதனை. அதே பக்கத்தின் நடுவில் ஏதாவது ஒரு சொல் மேல் விரலை வெச்சு, "எய்யா, இது என்ன சொல்லு?"ன்னு கேளுங்க.

சில பிள்ளைகள் டக்கென்று சொல்லிடும். பாதகமில்லை. சில பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும் படத்தைப் பார்க்கும். இன்னும் சில, முதல் வரியிலிருந்து வாய்க்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டு வந்து, அந்தச் சொல் வந்ததும் நிறுத்திச் சொல்லும். அப்படின்னா அது வாசிப்பு இல்லை; மனப்பாடம்! கண் எழுத்தைப் பார்க்கவே இல்லை, காதில் கேட்டதை வாய் திருப்பிச் சொல்லுது, அவ்வளவுதான்.

இந்த மனப்பாடம் ரெண்டாப்பு வரைக்கும் காப்பாத்திடும். மூணாப்பில் மாட்டிக்கும். அதுவரை வாசிக்கக் கத்துக்கிட்ட பிள்ளை, அதுக்கப்புறம் வாசிச்சுத்தான் மத்த பாடத்தையே கத்துக்கணும். கணக்கு நல்லாத் தெரிஞ்ச பிள்ளைகூட, வழிக்கணக்கை வாசிக்கத் தெரியாமல் முழிக்கும். உடனே நாம் என்ன சொல்றோம்? "இவனுக்குப் படிப்பு ஏறலை." மக்கு என்ற பட்டம் ஒருதடவை ஒட்டிக்கிட்டா உரிச்சு எடுக்கிறது லேசில்லை. உண்மையில், அந்தப் பிள்ளைக்கு நாலைந்து எழுத்துகளின் ஒலி மறந்துபோயிருக்கும். அவ்வளவே!

அந்த நாலைந்தை விளையாட்டாகவே மீட்டுக் கொடுப்பது எப்படி? வகுப்பில் டீச்சரும், வீட்டில் நீங்களும் செய்யக்கூடிய விஷயங்களைத்தான் இங்கே பார்க்கப் போறோம்.

அது என்ன ‘ஃபோனிக்ஸ்’?

எழுத்தின் பெயரைச் சொல்லிக் கொடுக்காமல், அது எழுப்பும் ஒலியைச் சொல்லிக் கொடுத்து, ஒலிகளைக் கூட்டி வாசிக்க வைப்பதுதான் ஃபோனிக்ஸ். ஆங்கிலத்தில் 26 எழுத்து. ஆனால் ஒலிகள் சுமார் 44. அதனால்தான் அங்கே இது பெரிய விஷயம். அமெரிக்காவில் 2000-ல் வெளியான தேசிய வாசிப்புக் குழுவின் அறிக்கை, ஒலிகளை முறையாக வரிசைப்படுத்திக் கற்றுத் தருவது வாசிப்புக்கு உதவுகிறது என்று சொன்னது. இங்கிலாந்தில் 2012 முதல் ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதற்கென்றே ஒரு சின்னப் பரிசோதனை வைக்கிறார்கள்.

நம்ம தமிழ் இந்த விஷயத்தில் கொடுத்து வெச்சது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. ‘க்’கும் ‘ஆ’வும் சேர்ந்தால் ‘கா’ என்று எழுத்திலேயே கணக்கு இருக்கு. எந்த ஒலி வாயில் எங்கே பிறக்கிறது என்று சொல்ல, தொல்காப்பியத்தில் ‘பிறப்பியல்’ என்று ஓர் இயலே உண்டு!

சரி, பிள்ளைக்கு எங்கே தடுக்குது?

ஒரே எழுத்துக்குப் பல ஒலி: ‘கடல்’, ‘தங்கம்’, ‘நகம்’ சொல்லிப் பாருங்க. மூணிலும் ‘க’ ஒரே மாதிரியா ஒலிக்குது? இடத்தைப் பொறுத்து வல்லின எழுத்தின் ஒலி மாறும். திசையன்விளைக்குப் பக்கத்து இடையன்குடியில் 1841 முதல் வாழ்ந்த கால்டுவெல், 1856-ல் வெளிவந்த தன் ஒப்பிலக்கண நூலில் இந்த ஒலிமாற்றத்தை ஒரு விதியாகவே எழுதி வெச்சார். பெரியவங்களுக்குப் பழகிப்போச்சு. பிள்ளைக்கு இது புதுசு.

கொம்பு குழப்பம்: ‘கெ’யில் கொம்பு முன்னால் நிற்கும்; ஒலியோ பின்னால் வரும். ‘கொ’வில் ரெண்டு பக்கமும் காவல். கு, சு, டு, பு, மு... ஒரே ‘உ’ ஒலிக்கு ஆளுக்கொரு வால்! பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்?

பேச்சு வேற, எழுத்து வேற: வீட்டில் ‘வெத்தல’; புத்தகத்தில் ‘வெற்றிலை’. வீட்டில் ‘காத்து’, எழுத்தில் ‘காற்று’. தெற்கத்திச் சீமையில் ‘பழம்’ பல வாயில் ‘பளம்’தான். காதில் விழுந்தபடி ‘மளை’ என்று எழுதும் பிள்ளை காதை ஒழுங்காகத்தான் பயன்படுத்தியிருக்கு. அதுக்கு அடி கொடுத்தால் நியாயமா?

திரும்பத் திரும்ப எதுக்கு?

போன மாசம் நடத்தினது இந்த மாசம் மறந்துபோச்சுன்னு டீச்சர்கள் அலுத்துக்கிறது வழக்கம். மறக்கத்தான் செய்யும்! ஹெர்மன் எபிங்காஸ் என்ற ஜெர்மன் ஆராய்ச்சியாளர் 1885-லேயே தன்னையே சோதனைப் பொருளாக்கி, கற்றது எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்று கணக்குப் போட்டார். மருந்து ஒண்ணுதான்: இடைவெளி விட்டு மறுபடி நினைவுக்குக் கொண்டு வருவது. இன்னிக்குச் சொல்லிக் கொடுத்த எழுத்தை நாளைக்கு ஒருமுறை, மூணு நாள் கழிச்சு ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை விளையாட்டில் கொண்டு வாங்க. தடவைக்குப் பத்து நிமிஷம் போதும். ஒரே நாளில் நூறு தடவை எழுத வைப்பதைவிட இது நல்ல பலன் தரும். விரலும் வலிக்காது!

இதோ, ஏழு விளையாட்டுகள்...

1. ஊர்ப் பெயருக்குக் கைதட்டு: சொல்லைப் பிரிச்சுக் கேட்கும் பயிற்சி இது. உங்க ஊர்ப் பெயரிலிருந்தே ஆரம்பிங்க. தி-சை-யன்-வி-ளை. அஞ்சு தட்டு. இப்ப எழுத்தை எண்ணச் சொல்லுங்க: தி, சை, ய, ன், வி, ளை. ஆறு! ஒண்ணு எப்படிக் கூடுச்சு? புள்ளி வெச்ச ‘ன்’ தனியாத் தட்டு வாங்காது. முன்னால் உள்ள எழுத்தின் தோளில் சாய்ஞ்சுக்கும். இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். அடுத்து ‘உவரி’. மூணு எழுத்து, மூணு தட்டு. பிறகு ‘முருங்கைக்காய்’. ஏழு எழுத்து, நாலு தட்டு. எழுதும்போது புள்ளி எழுத்தை விட்டுவிடும் பிள்ளைகளுக்கு இது கைகண்ட மருந்து.

2. தேரி மணல் தாம்பாளம்: செம்மண் தேரிக்கா பஞ்சம்? சலிச்ச மணலைத் தாம்பாளத்தில் பரப்புங்க. டீச்சர் ஒலியைச் சொல்ல, பிள்ளை அதை வாயால் சொல்லிக்கிட்டே விரலால் எழுதணும். தட்டை ஆட்டினால் அழிஞ்சிடும். தப்பு நோட்டில் சிவப்பு மையாக நிற்காதே, அதுதான் இதில் விசேஷம்! இது நம்ம திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பழக்கம்தான். சென்னையில் அநாதைச் சிறுவர் இல்லத்தை நிர்வகித்த ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், இங்குள்ள பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் புகுத்தினார். பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் முறையோடு சேர்த்து 1797-ல் லண்டனில் புத்தகமாகவும் போட்டார். ‘மதராஸ் முறை’ என்றே அதற்குப் பெயர் வந்தது. (ஆஸ்துமா, தும்மல் தொந்தரவு உள்ள பிள்ளைகளுக்கு மணலை லேசாக ஈரமாக்கிடுங்க. தூசி பறக்காது.)

3. நொண்டிக் கட்டம்: தரையில் சாக்பீஸால் எட்டுக் கட்டம் போட்டு, தடுமாறும் எழுத்துகளை மட்டும் எழுதுங்க. சில்லு எறிஞ்சு, நொண்டி அடிச்சுப் போய், அந்த எழுத்தின் ஒலியையும் அதில் தொடங்கும் ஒரு சொல்லையும் சொல்லணும். ‘கெ’ விழுந்தா ‘கெண்டை மீன்’, ‘கே’ விழுந்தா ‘கேழ்வரகு’. குறிலையும் நெடிலையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் போட்டால் வித்தியாசம் நல்லாப் பதியும்.

4. கண்டக்டர் விளையாட்டு: பாதிப் பிள்ளைகள் கையில் மெய்யெழுத்து அட்டை, மீதிப் பேர் கையில் உயிரெழுத்து அட்டை. ஒருத்தர் கண்டக்டர். "‘மூ’ ஸ்டாப்!" என்று கூவினால் ‘ம்’மும் ‘ஊ’வும் ஓடி வந்து ஜோடி சேர்ந்து ஏறணும். "‘தை’ ஸ்டாப்!" என்றால் ‘த்’தும் ‘ஐ’யும். ஏறினவங்க ஒலியைக் கூட்டிச் சொன்னால்தான் விசில்! உயிர்மெய் எழுத்தின் ரகசியம் காலோடு சேர்ந்து மண்டையில் ஏறிடும்.

5. ஒத்தை எழுத்து மாத்து: கரும்பலகையில் ‘பல்’ என்று எழுதுங்க. ஒரு பிள்ளை வந்து ஒரே ஒரு எழுத்தை மட்டும் மாத்தி வேற சொல் ஆக்கணும். பல், கல், கால், பால், பாய், நாய், நாள், வாள், வாய்... ஒவ்வொரு தடவையும் வகுப்பே சேர்ந்து வாசிக்கணும். இங்கே மனப்பாடம் பலிக்காது. எழுத்தைப் பார்த்தே ஆகணும்!

6. ஆச்சி புலி கரைச்சா! பிள்ளைகளுக்குப் பெரியவங்க தப்பு பண்ணினாக் கொண்டாட்டம். அதையே பாடமாக்குங்க. "ஆச்சி குழம்புக்குப் புலி கரைச்சா", "சுவத்துல பள்ளி ஓடுது", "வெளியே மலை பெய்யுது, குடை கொண்டா". தப்பைப் பிடிச்ச பிள்ளை எழுந்து வந்து சரியான எழுத்து அட்டையை எடுத்துக் காட்டணும். கூடவே நாக்குக்கும் வேலை கொடுங்க. ‘ல’ சொல்லும்போது நாக்கு நுனி மேல்பல் ஈறைத் தொடும். ‘ள’வுக்கு நாக்கு வளைஞ்சு அண்ணத்தைத் தொடும். ‘ழ’வுக்கும் வளையும், ஆனா ஒட்டாது. ஒரு சின்னக் கண்ணாடியைக் கையில் கொடுத்து வாயைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்க. சிரிச்சுச் சிரிச்சே கத்துக்கும்.

7. ஜோடிப் பொருத்தம்: ரெண்டு சுழியா, மூணு சுழியா, இந்தச் சண்டைக்கு முடிவு கட்டும் ஆட்டம். ட-வுக்கு முன்னால் வருவது ‘ண்’ (வண்டி). ற-வுக்கு முன்னால் ‘ன்’ (கன்று). த-வுக்கு முன்னால் ‘ந்’ (பந்து). இதேபோல ங்க, ஞ்ச, ம்ப. இலக்கணத்தில் இன எழுத்து என்பார்கள். பிள்ளைகளிடம் ‘அண்ணன் தம்பி’ என்றால் போதும்! அட்டைகளைக் கவிழ்த்து வெச்சு, ரெண்டு ரெண்டாகத் திருப்பி ஜோடி சேர்க்கச் சொல்லுங்க. அட்டைக்குப் பதில் பழைய பாட்டில் மூடிகளில் எழுதினாலும் சரி. ஜெயிச்சதுக்கு அடையாளமாகப் புளியமுத்து கொடுக்கலாம். வீட்டில் தவழும் தம்பி தங்கை இருந்தா, முத்துகளை எண்ணி எடுத்து வெச்சிடுங்க. வாயிலும் மூக்கிலும் போட்டுக்கும் ஆபத்து உண்டு.

டீச்சர்கள் கவனத்துக்கு...

* தப்பாச் சொன்ன பிள்ளையை ‘அவுட்’ ஆக்கி உட்கார வைக்கிற ஆட்டம் வேண்டாம். யாருக்குப் பயிற்சி அதிகம் தேவையோ, அந்தப் பிள்ளைதான் முதலில் உட்காரும்! தப்புச் சொன்னால் டீச்சர் சரியாச் சொல்லி, பிள்ளை திருப்பிச் சொல்லி, ஆட்டத்தைத் தொடரட்டும்.

* ஒரு தடவைக்குப் புது எழுத்து ஒண்ணு ரெண்டு; மீதியெல்லாம் பழசு. எல்லாமே புதுசா இருந்தா அது மறுபயிற்சி இல்லை, தண்டனை.

* வகுப்பே கோரஸாகக் கத்தும்போது யாருக்குத் தெரியுது, யாருக்குத் தெரியலை என்று கண்டுபிடிக்க முடியாது. வாரம் ஒருமுறையாவது ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு, பத்து எழுத்தைக் கலைச்சுக் காட்டிக் கேளுங்க.

இப்படி விளையாட்டோடு படிப்பது நம் அரசுப் பள்ளிகளுக்குப் புதுசு இல்லை. ஆந்திராவின் ரிஷி வேலி பள்ளிக்கூட முறையைப் பார்த்து 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. பிறகு மாநிலம் முழுக்கப் பரவியது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்து பிள்ளைகள் எழுத்தையே மறந்தபோது, 2022-ல் ஒண்ணு முதல் மூணாம் வகுப்பு வரைக்கும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையைப் பார்த்துப் பிரிச்சு, பாட்டு, கதை, பொம்மலாட்டம் என்று சொல்லித் தரும் முறை அது. வயசைப் பார்க்காமல் பிள்ளை நிற்கும் படியைப் பார்க்கிறது, அதுதான் முக்கியம்.

வீட்டில் நீங்க என்ன செய்யலாம்?

தனியா டியூஷன் வேண்டாம். பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது போர்டை வாசிக்கச் சொல்லுங்க. வள்ளியூர், உடன்குடி, சாத்தான்குளம், நாங்குநேரி, நாகர்கோவில்... வளைச்சு வளைச்சு எத்தனை எழுத்து! மார்க்கெட்டிலிருந்து வந்ததும் பையைக் கவிழ்த்து, "‘மு’ல ஆரம்பிக்கிற காய் எது? ‘க்காய்’னு முடியற காய் எத்தனை?" என்று கேளுங்க. கடைச் சீட்டை அவளையே எழுதச் சொல்லுங்க. ‘வெத்தல’ன்னு எழுதினா கிழிச்சுப் போடாதீங்க. "நாம வெத்தலன்னு பேசுவோம், எழுதும்போது வெற்றிலைன்னு எழுதுவோம்" என்று ரெண்டையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்க. பேச்சு தப்பு, எழுத்து சரி என்று ஆகிவிட்டால் பிள்ளை வாயையே திறக்காது.

இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகளா? ஒரு ரகசியம் சொல்றோம். ஆங்கில மெய்யொலியைச் சொல்லும்போது ‘பு’, ‘டு’ என்று உகரம் சேர்த்தால் கூட்டி வாசிக்க வராது. ‘பு-ஆ-டு’ என்றால் எந்தப் பிள்ளைக்கு ‘பேட்’ என்று புரியும்? நம்ம புள்ளி எழுத்து மாதிரி ‘ப்’, ‘ட்’ என்று வெட்டிச் சொல்லுங்க, டக்கென்று ஒட்டிக்கும். தமிழ்ச் சொல் ரெண்டு மெய்யெழுத்தோடு தொடங்காது. அதனால்தான் ‘ஸ்கூல்’ நம்ம பிள்ளை வாயில் ‘இஸ்கூல்’ ஆகுது. கேலி பண்ணாமல் ‘ஸ்ஸ்ஸ்...கூல்’ என்று பாம்பு மாதிரி சீறச் சொல்லுங்க, வந்துடும்.

இத்தனைக்கும் பிறகும் வரலையா? காதைப் பாருங்க!

இதைத்தான் பல பெற்றோர் கடைசியில் யோசிக்கிறாங்க. முதல்லயே யோசிக்கணும்.

காது: அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைகளுக்கு நடுக்காதில் நீர் கோத்துக்கொண்டு கேட்கும் திறன் குறையலாம். வலியே இல்லாமலும் இது வரும். டி.வி. சத்தத்தைக் கூட்டி வைப்பது, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாதது, ‘என்ன, என்ன’ என்று கேட்பது, வாயைத் திறந்து மூச்சு விடுவது, குறட்டை... இவை இருந்தால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்க. ‘ச’வும் ‘த’வும் காதிலேயே சரியா விழாத பிள்ளைக்கு அதை எழுதத் தெரியலைன்னு அடிக்கிறோமே! காதில் எண்ணெய் ஊற்றுவது, ஊக்கு விட்டுக் குடைவது, ரெண்டும் கூடவே கூடாது.

கண்: கரும்பலகையைப் பார்க்கக் கண்ணை இடுக்குவது, புத்தகத்தை மூக்குக்கு முன்னால் பிடிப்பது, அடிக்கடி தலைவலி என்றால் கண் பரிசோதனை அவசியம்.

நாக்கு: ‘ர’, ‘ற’, ‘ழ’ போன்ற ஒலிகள் பல பிள்ளைகளுக்குத் தாமதமாகத்தான் திருந்தும். அஞ்சு வயசில் ‘ராஜா’வை ‘லாஜா’ என்றால் பதற வேண்டாம். ஆனால் நாலு வயசு தாண்டியும் வெளியாளுக்குப் பேச்சே புரியலை என்றால் பேச்சுப் பயிற்சி நிபுணரைப் பார்க்கணும்.

டிஸ்லெக்சியா: காது, கண் நல்லாருக்கு, புத்தி கூர்மையா இருக்கு, வாயால் கேட்டால் பதில் சொல்லுது, ஆனால் ரெண்டு வருஷம் பொறுமையாச் சொல்லிக் கொடுத்தும் எழுத்தைக் கூட்டி வாசிக்க வரலை என்றால், அது டிஸ்லெக்சியாவாக இருக்கலாம். இது நோய் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. மாத்திரை, டானிக்கால் தீராது. தனிப் பயிற்சியால் நல்ல முன்னேற்றம் வரும். ஆறு வயசுப் பிள்ளை எப்போதாவது எழுத்தைத் திருப்பிப் போட்டு எழுதுவதை வெச்சு மட்டும் முடிவு கட்டிடாதீங்க. 2016-ம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் பட்டியலில் சேர்த்திருக்கு. சான்றிதழ் இருந்தால் பரீட்சையில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் கேட்டு வாங்கலாம். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இதற்கென்றே ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறது.

திசையன்விளை பக்கத்துப் பெற்றோருக்கு, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு. பள்ளிக்கு வரும் மருத்துவப் பரிசோதனைக் குழுவிடமும் தயங்காமல் சொல்லுங்க. டீச்சரிடமும் சொல்லி, பிள்ளையை முன் பெஞ்சில் உட்கார வைக்கச் சொல்லுங்க.

இன்னிக்கு ராத்திரியே அந்தச் சின்னச் சோதனையைச் செஞ்சு பாருங்க. எந்தெந்த எழுத்தில் தடுக்குதுன்னு ஒரு துண்டுச் சீட்டில் குறிச்சு வெச்சுக்கோங்க. பத்துக்கு மேல் இருந்தாலும் பயம் வேண்டாம். வாரத்துக்கு மூணு எழுத்து, தினம் பத்து நிமிஷம். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாமல், போன வாரத்துச் சீட்டோடு மட்டும் ஒப்பிட்டுப் பாருங்க. சீட்டு சுருங்கச் சுருங்க, பிள்ளையின் குரல் தானாகவே பலமாகும்!